கொல்லைப்புறத்து நச்சுச் செடிகள்: சிறு குழந்தை உள்ள வீட்டார் கவனிக்க வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆடிப் பட்டம் தொடங்கி மாசி முடியும் வரை பகல் வேளையில் பெரியவர்கள் வீட்டில் தங்குவது குறைவு. மக்காச்சோளம், பருத்தி, கடலை, சின்ன வெங்காயம் என்று ஒன்றை அடுத்து ஒன்றாக வேலை வந்து கொண்டே இருக்கும். தாயும் தகப்பனும் காட்டு வேலைக்குப் போய்விட, கைக்குழந்தையை அப்பாயி பார்த்துக் கொள்வார். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் அக்காள், அண்ணன் பின்னால் கொல்லைப்புறத்தில் சுற்றிக் கொண்டிருக்கும். அந்தக் கொல்லைப்புறத்து வேலியில் காட்டாமணக்கு நிற்கும். கிணற்றடியில் அரளி பூத்திருக்கும். குப்பைக் குழி ஓரத்தில் ஊமத்தை காய்த்திருக்கும். சில வீடுகளில் கட்டிலுக்கு அடியில் நல்ல விலைக்காகக் காத்திருக்கும் கண்வலி விதை மூட்டையும் இருக்கும்.

இவை எல்லாமே நஞ்சு உள்ளவை. பெரியவர்களுக்கு இது தெரியும். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தெரியாது. கையில் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்ப்பது அந்த வயதின் இயல்பு. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் வேறு விதம். அவர்கள் கூட்டமாக விளையாடுவார்கள். ஒருவன் தின்றால் எல்லோரும் தின்பார்கள். மேலும், பெரியவருக்கு வயிற்று வலியோடு போகிற அளவு நஞ்சு, பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பேராபத்தாக முடியலாம். ஆகவே எந்தச் செடி எப்படிப்பட்டது, எதை அகற்ற வேண்டும், எதை வைத்துக் கொள்ளலாம், தவறு நடந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

வேலியில் நிற்கும் காட்டாமணக்கு

பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக் கொள்வது காட்டாமணக்கில்தான். ஆடு மாடு இதைத் தொடாது. போத்தை வெட்டி நட்டால் தண்ணீர் இல்லாமலே தழைக்கும். இந்த இரு காரணங்களால் வேலிக்கு இது வெகு காலமாக நடப்பட்டு வருகிறது. 2003-ஆம் ஆண்டில் மத்தியத் திட்டக் குழுவின் அறிக்கை டீசலுக்கு மாற்றாகக் காட்டாமணக்கு எண்ணெயைச் சிபாரிசு செய்தபின், தரிசு நிலங்களிலும் இதை நடும்படி ஊக்கம் தரப்பட்டது. எதிர்பார்த்த மகசூல் கிடைக்காமல் அந்த வேகம் தணிந்துவிட்டது. செடிகள் மட்டும் பல ஊர்களில் தங்கிவிட்டன.

இதன் காய் பழுத்து மஞ்சளாகி, பிறகு கருத்து வெடிக்கும். உள்ளே இருக்கும் பருப்பு வெள்ளையாக, வறுத்த கடலை போலச் சுவையாக இருக்கும். ஆபத்து இந்தச் சுவையில்தான் இருக்கிறது. கசந்தால் பிள்ளைகள் துப்பிவிடுவார்கள், இது கசப்பதில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒன்றாகத் தின்று ஒன்றாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்ததுண்டு. தின்ற சில மணி நேரத்திற்குள் தொண்டை எரிச்சல், வயிற்று வலி, அடுக்கடுக்கான வாந்தி, பேதி உண்டாகும். உடலில் நீர் வற்றிப் போவதே முக்கிய ஆபத்து. உரிய நேரத்தில் குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றினால் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். தாமதித்தால் சிறு குழந்தை துவண்டுவிடும்.

வரப்பில் நிற்கும் ஆமணக்கு

பருத்தி, கடலை வயல்களின் ஓரத்தில் ஆமணக்கு நடும்படி வேளாண்மைத் துறையே சொல்கிறது. புரோடீனியா தாய் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையை நாடி வந்து முட்டையிடும்; அந்த இலையைக் கிள்ளி அழித்தால் பயிர் தப்பும். ஆகவே ஆமணக்கை ஒழிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் விதை காட்டாமணக்கைவிடக் கொடியது. அதில் உள்ள ரிசின் என்ற புரதம் உடலின் உயிரணுக்கள் புரதம் தயாரிப்பதையே நிறுத்திவிடும். 1978-ல் லண்டன் நகரில் ஜார்ஜி மார்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளரைக் கொல்ல இதைத்தான் பயன்படுத்தினார்கள் என்றால் இதன் கொடுமை விளங்கும்.

விளக்கெண்ணெயும் இந்த விதையிலிருந்து வருவதுதானே, அதைப் பாட்டிமார் பிள்ளைகளுக்கே கொடுத்தார்களே என்று கேட்கலாம். ரிசின் எண்ணெயில் கரைவதில்லை, புண்ணாக்கில் தங்கிவிடும். சூடுபடுத்தும்போது அது கெட்டும் போகும். அதனால்தான் எண்ணெய் மருந்தாகவும், புண்ணாக்கு எருவாகவும் ஆகிறது. ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காத காரணமும் இதுவே.

விதையின் ஓடு மிகக் கெட்டியானது. மெல்லாமல் முழுதாக விழுங்கிய விதை பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். மென்று விழுங்கினால்தான் நஞ்சு வெளிப்படும். குழந்தை மென்றதா, விழுங்கியதா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு விதையே ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் சரி. குறிகள் சில மணி நேரம் கழித்தே தோன்றும். "பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது" என்று காத்திருப்பது தவறு.

வீட்டுக்குள் வரும் கண்வலிக் கிழங்கு

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ, கலப்பைக் கிழங்கு என்றும் பெயர் உண்டு. வேலியில் தானாகப் படர்ந்து கிடந்த இந்தக் கொடி, இன்று ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரங்களில் பந்தல் போட்டு வளர்க்கப்படும் பணப் பயிர். விதையில் உள்ள கோல்சிசின் என்ற பொருள் கீல்வாத நோய்க்கு மருந்து. மருந்துக் கம்பெனிகள் விதையை வாங்குகின்றன. விலை ஏறும், இறங்கும். விலை ஏறும் வரை விதையைக் காப்பாற்ற விவசாயி அதை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டியிருக்கிறது. களவுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில், குதிர் ஓரத்தில், பிள்ளைகள் படுக்கும் அறையில் வைக்கிறார்கள். இந்தப் பகுதிக்கே உரிய ஆபத்து இது.

கோல்சிசினுக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்கக் கூடிய மாற்று மருந்து எதுவும் இல்லை. அது வேலை செய்யும் விதமும் ஏமாற்றக் கூடியது. முதலில் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்று வலி, காலரா போன்ற பேதி. இதை உணவு ஒத்துக் கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். வாந்தி சற்று நின்றதும் தேறிவிட்டதாகத் தோன்றும். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் இதயம், சிறுநீரகம், இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மச்சை எல்லாம் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டும். ஆகவே கண்வலி விதையோ கிழங்கோ வயிற்றுக்குள் போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் சொல்லும் வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

கிழங்கிலும் இதே நஞ்சு உண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தவறாக நினைத்துச் சமைத்துத் தின்று மாண்டவர்கள் உண்டு. இலங்கையில் நியங்கலா என்ற பெயரில் இது மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த நஞ்சு. வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று எண்ணக் கூடாது, போகாது.

கண்வலி பயிரிடும் குடும்பங்கள் நான்கு விதிகளைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். ஒன்று: விதையைத் திறந்த சாக்கில் வைக்காமல், மூடியுள்ள தகர டின்னில் அல்லது டிரம்மில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். இரண்டு: காய் உலர்த்தும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, குழந்தைகளை விடக் கூடாது, உலர்த்தி முடித்ததும் தரையைக் கூட்டிச் சிதறிய விதையைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மூன்று: விதைக் கிழங்கை உண்ணும் கிழங்கு, வெங்காயம் வைக்கும் இடத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது. நான்கு: காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் சேர்க்கும் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது, பெரியவர்களும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே குழந்தைக்குச் சோறூட்ட வேண்டும்.

கிணற்றடி அரளி

அம்மனுக்குச் சாத்த செவ்வரளி வேண்டும். அரளி இல்லாத ஊர் இல்லை. ஆடு மாடு மேயாது, வறட்சி தாங்கும் என்பதால் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளிலும் அரளிதான் நடப்படுகிறது. செவ்வரளியிலும் மஞ்சள் அரளியிலும் இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாமே நஞ்சு. மஞ்சள் அரளியில் விதை மிகக் கொடியது. பச்சையாக உருண்டையாக இருக்கும் அதன் காயைப் பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். அதை உடைத்தால் உள்ளே இருக்கும் கொட்டையில் விதை இருக்கும்.

இந்த நஞ்சு நேரே இதயத்தைத் தாக்கும். வாந்தி, தலைசுற்றல், பார்வை மங்கல் ஆகியவற்றுடன் நாடி மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் துடிக்கும். இலங்கையில் 1980-களிலிருந்தே மஞ்சள் அரளி ஒரு பெரிய மருத்துவப் பிரச்சினை. அங்குள்ள டாக்டர்கள் இந்தத் துறையில் பெற்ற அனுபவம் உலகத்துக்கே பயன்பட்டது. டிகாக்சின் மருந்துக்கு எதிரான முறிமருந்து அரளி நஞ்சுக்கும் பலன் தரும் என்று அங்கு நடந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆனால் அந்த மருந்து விலை மிக அதிகம்; எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இ.சி.ஜி. எடுத்து இதயத்தை இடைவிடாமல் கவனித்து வருவதே இன்றும் முக்கிய சிகிச்சை.

கேரளத்தில் 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்திவிட்டது. நம் பக்கத்திலும் பூசை முடிந்த அரளி மாலையைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அரளிக் குச்சியைப் பல் துலக்கவோ, ஐஸ் சீவலுக்கோ, கறி சுடவோ பயன்படுத்தக் கூடாது. காய்ந்த அரளி விறகை அடுப்பில் எரிப்பதும் நல்லதல்ல.

ஊமத்தை பிடித்தால் பேய் அல்ல

முள் உள்ள உருண்டைக் காய், புனல் போன்ற பூ. ஊமத்தையைத் தெரியாதவர் இல்லை. அதன் விதை மிளகாய் விதை போல, கத்தரி விதை போலச் சின்னதாக இருக்கும். கடைக்கு விளையாடும் பிள்ளைகள் காயை உடைத்து விதையைச் "சாமான்" ஆக்கிக் கொள்வார்கள். வாய்க்குள் போனால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் வாய் வறண்டு, முகம் சிவந்து, உடம்பு அனலாகக் காயும். கண்மணி விரிந்து வெளிச்சத்தில் கூசும். பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசும். இல்லாததைப் பிடிக்கக் கை நீட்டும். பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் கத்தும்.

இதைப் பார்த்ததும் காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லி மந்திரிக்கக் கொண்டு போகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படிப் போகிற இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையின் உயிரை விலையாகக் கேட்கலாம். திடீரெனப் பிதற்றும் குழந்தையின் வாயையும் கையையும் முதலில் பார்க்க வேண்டும். விளையாடிய இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். உடைந்த ஊமத்தைக் காய் அங்கே கிடக்கலாம். மந்திரிக்க விரும்புகிறவர்கள் பிள்ளை தேறி வீடு திரும்பிய பிறகு மந்திரித்துக் கொள்ளலாம்.

பிள்ளையார் கண்ணும் எருக்கம் பாலும்

களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும். பொன் நிறுக்கப் பயன்பட்ட இந்த மணியில் ஆப்ரின் என்ற நஞ்சு இருக்கிறது. அது ரிசினைப் போன்றதே, இன்னும் கடுமையானது. ஓடு கெட்டி என்பதால் முழுதாக விழுங்கியது பெரும்பாலும் கேடு செய்யாமல் போய்விடும். ஆனால் பச்சை மணி, ஊசியால் ஓட்டை போட்டுக் கோத்த மணி, கடித்து உடைத்த மணி ஆபத்து. சதுர்த்தி முடிந்து பிள்ளையாரைக் கிணற்றில் கரைக்கும் முன் கண்ணைப் பெயர்த்து எடுத்துவிட வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் குன்றிமணிக்குப் பதிலாக ஒரு கரிப் பொட்டு வைத்தாலும் பிள்ளையார் கோபித்துக் கொள்ள மாட்டார்.

அதே பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை கட்டுவார்கள். எருக்கம் மொட்டை "டப்" என்று உடைப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. அந்தப் பால் கண்ணில் தெறித்தால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். எருக்கம் பால் சில சமயம் வலியே தராது. அதனால் அலட்சியம் செய்துவிடுவார்கள். திருகுக்கள்ளிப் பாலும் அப்படியே கண்ணுக்குக் கேடு. அது கடுமையாக எரியும். இவை கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் கழுவி, அன்றே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். தாய்ப்பால், எண்ணெய் எதையும் கண்ணில் விடக் கூடாது.

முந்திரியும் மரவள்ளியும்

உண்ணும் பயிரிலும் கவனம் தேவை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பகுதிகளில் பங்குனி முதல் வைகாசி வரை முந்திரிக் கொட்டை வீடுகளில் குவிந்து கிடக்கும். கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். பச்சைக் கொட்டையைக் கடித்த பிள்ளைக்கு உதடும் வாயும் வெந்து கொப்புளித்துவிடும். கொட்டை சுடும் இடத்தில் எழும் புகையும் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. குழந்தையைத் தூக்கிக் கொண்டு அருகில் நிற்கக் கூடாது.

மரவள்ளியில் கசப்பு ரகங்கள் உண்டு. ஆலைக்கு மாவு எடுக்கப் பயிரிடும் கிழங்கைப் பச்சையாகத் தின்றால் அதிலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படும். தோலிலும் இலையிலும் இது அதிகம். ஆட்டுக்குட்டி மரவள்ளித் தழையைத் தின்று விழுந்து சாவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பிள்ளைகளுக்குத் தர வேண்டும்.

எதை வைப்பது, எதை எடுப்பது?

நச்சுச் செடி எல்லாம் பகைச் செடி அல்ல. பலவும் மருந்துக்கும், வேலிக்கும், பூசைக்கும், வருமானத்துக்கும் உதவுபவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்க்கத் தேவையில்லை. குழந்தையிலிருந்து செடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

வாசல், முற்றம், கிணற்றடி, தொட்டில் கட்டும் மரத்தடி ஆகிய இடங்களில் நச்சுச் செடி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஊமத்தை, எருக்கு, குன்றிமணிக் கொடி, மஞ்சள் அரளி ஆகியவற்றை இங்கே வேரோடு எடுத்துவிட வேண்டும். ஈரம் உள்ள மழை நாளில் பிடுங்கினால் வேர் அறாமல் வரும். ஊமத்தையைப் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். விதை சிந்திவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் டிஃபன்பேக்கியா போன்ற பெரிய இலைச் செடிகளும் இந்தக் கணக்கில் சேரும். அதன் இலையைக் கடித்தால், வேகாத சேப்பங்கிழங்கு அரிப்பதைப் போலப் பல மடங்கு அரித்து நாக்கும் தொண்டையும் வீங்கும்.

கொல்லைப்புற வேலியை இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக மாற்றலாம். வீட்டைப் பார்த்த பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். காட்டாமணக்குக்குப் பதிலாகக் கிளுவை நடலாம். இது இந்த மண்ணுக்கே உரிய வேலி. போத்து நட்டால் பிடிக்கும், முள் இருப்பதால் ஆடு நுழையாது, தழை ஆட்டுக்குத் தீனியாகும். ஆடு கடிக்காத வேலிதான் வேண்டும் என்பவர்கள் நொச்சி நடலாம். மருதாணி, கொடுக்காப்புளி ஆகியவையும் ஏற்றவை. பூசைக்குச் செம்பருத்தி, பவளமல்லி, துளசி வைத்துக் கொள்ளலாம். புது வேலி இடுப்பளவு வளரும் வரை பழைய காட்டாமணக்கை வெட்டாமல், பிஞ்சிலேயே காயை மட்டும் கிள்ளி எறிந்து வந்தால் போதும். வெட்டிய காட்டாமணக்குக் கிளையைத் தரையில் போட்டு வைத்தால் மீண்டும் துளிர்க்கும். நன்றாகக் காய வைக்க வேண்டும்.

வயல் வரப்பில் உள்ள ஆமணக்கு இருக்கட்டும். ஆனால் குலை முற்றி வெடித்துச் சிதறும் முன் அறுத்து, வீட்டு முற்றத்தில் அல்லாமல் களத்தில் உலர்த்தி அடிக்க வேண்டும். விதைக்காக எடுத்து வைப்பதைப் பூட்டி வைக்க வேண்டும். மருந்து கலந்து நிறம் ஏற்றிய பருத்தி, மக்காச்சோள விதைப் பாக்கெட்டுகளுக்கும் இதே விதி பொருந்தும். சிவப்பும் பச்சையுமாக இருக்கும் அந்த விதை, குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய்தான்.

செடியை அடையாளம் காண்பதில் சந்தேகம் இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டிக் கேட்கலாம். பெரம்பலூர் பக்கத்தவர்களுக்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூர் பக்கத்தவர்களுக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சொல்லிப் பயனில்லை. செடியைத்தான் அகற்ற வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலி ஓரமாக அழைத்துப் போய், ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பெயர் சொல்லித் தர வேண்டும். "இதைத் தின்றால் பூச்சாண்டி வருவான்" என்று பயமுறுத்துவதைவிட, "இதைத் தின்றால் வயிறு வலித்து ஊசி போட வேண்டி வரும்" என்று உண்மையைச் சொல்வதே மேல். கேட்காமல் எந்தக் காயையும் வாயில் வைக்கக் கூடாது என்ற ஒரே விதி போதும். தின்றதைச் சொன்னால் அடிக்க மாட்டோம் என்றும் சொல்லி வைக்க வேண்டும். அடிக்குப் பயந்து மறைத்த பிள்ளைகள்தான் தாமதமாக ஆஸ்பத்திரி வந்து சேர்கிறார்கள்.

பகலில் குழந்தையைப் பார்த்துக் கொள்ளும் அப்பாயிக்கும் அம்மாயிக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அவர்களிடம் செல்போன் இருந்தால் 108-ஐ அழுத்தக் கற்றுத் தர வேண்டும். அங்கன்வாடி, பள்ளிக்கூட வேலிகளில் காட்டாமணக்கு, அரளி இருந்தால் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஊராட்சியில் சொல்லி மாற்ற வேண்டும்.

தவறு நடந்துவிட்டால்

முதலில், வாயில் மீதி இருப்பதை விரலால் வழித்து எடுக்க வேண்டும். தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் செய்து, கையையும் முகத்தையும் கழுவ வேண்டும்.

உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், புளித் தண்ணீர் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தொண்டையில் விரல் விடவும் கூடாது. வாந்தி மூச்சுக் குழலில் இறங்கினால் நஞ்சைவிட அதுவே சீக்கிரம் கொன்றுவிடும். உப்புக் கரைசல் அதிகமானால் குழந்தைக்கு அதுவே நஞ்சு. பால், மோர், இளநீர் கொடுத்தால் விஷம் முறியும் என்பதும் தவறான நம்பிக்கை.

குழந்தை மயக்கமாக இருந்தால் வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

தின்ற செடியின் இலை, காய், விதை ஆகியவற்றில் ஒரு பகுதியை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போக வேண்டும். எத்தனை மணிக்குத் தின்றது, எவ்வளவு இருக்கலாம், கூட யார் யார் தின்றார்கள் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூட விளையாடிய மற்றப் பிள்ளைகளையும் உடனே தேடிப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை மட்டும் தின்றிருப்பது அபூர்வம்.

உடனே 108-க்கு அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் சிகிச்சை பெற்று, அவர்கள் சொல்லும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரம்பலூரில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகலாக டாக்டர்களுக்கும் பொது மக்களுக்கும் யோசனை சொல்கிறது. இந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

விதைக்கும் முன் நிலத்தைச் சுற்றிப் பார்க்காத விவசாயி இல்லை. கல் எங்கே, களை எங்கே என்று கண் தானாகத் தேடும். அதே கண்ணோடு வீட்டைச் சுற்றி ஒரு முறை நடக்க வேண்டும். நின்று பார்க்காமல் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். மூன்றடி உயரத்தில் கைக்கு எட்டுகிற காய் எது, பூ எது, திறந்து கிடக்கும் மூட்டை எது என்பது அப்போது தெரியும். அதற்கு அரை நாள் வேலைதான் ஆகும். அடுத்த மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போதே அந்த அரை நாளை ஒதுக்கிவிடலாம்.